வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

அப்பா போய் இன்றோடு 19 நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பலர் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருப்பது அதைவிடப் பாரமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு கண் விழித்தவர்களுக்கு, தம்பி வந்து சேரும்வரை அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, ராத்திரி 2 மணிக்கும் போனை எடுத்து நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்ன அப்பாவின் டாக்டர் நண்பர்களுக்கு, எல்லாருக்கும் நன்றி. அப்பா கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர் அவர். கேட்காமலே ஞாபகப்படுத்தியது அன்று டூட்டியில் இருந்த நர்ஸ். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்துவிட்டு, அப்புறம்தான் எங்களிடம் பேசினார். அம்மா, அப்பாவின் கண் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அடிக்கடி சொல்கிறார். அந்தப் பேச்சுக்குக் காரணம் அந்த நர்ஸ்தான்.

இப்போது அந்த அக்காவைப் பற்றி.

எங்கள் க்ளினிக் வீட்டோடு ஒட்டினது. முன் அறையில் அப்பா, பின்னால் நாங்கள். 41 வருடமாக அடித்த காலிங் பெல், அப்பா இறந்த மறுநாளும் அடித்தது. விஷயம் தெரியாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கையில் மருந்துச் சீட்டு, இடுப்பில் குழந்தை. "டாக்டர் இருக்காரா?" அம்மாதான் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தார். நாங்கள் போகிறோம் என்றாலும் விடவில்லை. ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர்கள் அழுவார்கள், அம்மா ஆறுதல் சொல்லி அனுப்புவார். அடுத்த பெல் அடிக்கும். இரண்டு நாளில் அம்மாவுக்குக் குரலே போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை பெல் அடிக்கவில்லை. 10 மணி ஆயிற்று, 11 ஆயிற்று. என்னமோ போலிருந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், மடியில் ஒரு நோட்டு. எங்கேயோ பார்த்த முகம், பெயர்கூடத் தெரியாது.

"டாக்டரம்மா ஒவ்வொருத்தருக்கா கதவைத் திறந்து சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். நீ உள்ளே போம்மா" என்றார்.

அவ்வளவுதான். 12 நாள். காலை 9 மணிக்கு வருவார், அப்பா க்ளினிக்கை மூடும் நேரத்துக்குப் போவார். உள்ளே வாருங்கள் என்றால், "நான் இங்கே இருந்தாத்தான் அவங்க பெல்லைத் தொடமாட்டாங்க" என்பார்.

வந்தவர்களிடம் சொல்லி அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவரிடமும் "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் கையெழுத்து அவருக்குப் புரியாது. அதனால் காலி மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதை ஒரு கவரில் போட்டு, மேலே பெயரும் 'இன்னும் 3 நாள்', 'நாளைக்கு முடியுது' என்றும் எழுதி வைத்தார். சாயங்காலம் அப்பாவின் நண்பர் ஒரு டாக்டர் வந்து அந்தக் கவர்களைப் பார்த்து, தேவைப்பட்டவர்களோடு பேசி, சீட்டு எழுதிக் கொடுத்தார். அவரையும் வரவழைத்தது அக்காதான். எப்படி நம்பர் பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது எத்தனை பெரிய காரியம் என்று அப்பாவோடு இருந்த எங்களுக்குப் புரியும். வலிப்புக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம். இதயத்துக்குக் கொடுக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரையைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம். டாக்டர் இறந்துவிட்டார், வேறு டாக்டர் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அப்பா உயிரோடு இருந்து லீவில் போயிருந்தால் எதற்குக் கவலைப்பட்டிருப்பாரோ, சரியாக அதையே அந்த அக்கா பார்த்துக்கொண்டார். "நீங்க நர்ஸா இருந்தீங்களா?" என்று தம்பி கேட்டான். இல்லையாம். அவருடைய பையனுக்கு 14 வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தவர். "ஒரு வேளைகூட விடாதேன்னு டாக்டர் என்னைப் படுத்தாத பாடா!" என்றார்.

சாயங்காலம் ஆள் குறைந்த பிறகு அம்மா வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். அப்போதுதான் அப்பாவைப் பற்றி எங்களுக்கே தெரியாத கதைகள் கிடைத்தன. அழுகிற குழந்தை வந்தால் அப்பா ஒரு தாளைச் சுருட்டி அதன் கையில் கொடுப்பாராம். "முதல்ல நீ என் நெஞ்சைக் கேளு. டக் டக்குனு கேட்குதா? அப்புறம் உன்னோடதை நான் கேட்கிறேன்." ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே அப்படித்தான். 1816இல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டர், ஒரு இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அந்தக் கதையை அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் இத்தனை வருடம் யார் யாரோ குழந்தைகள் எல்லாம் அவர் நெஞ்சைக் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. கடைசி நாட்களில் அந்த நெஞ்சோடு எத்தனை மிஷின்கள். அதை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இதைக் கேட்டதும்தான் நன்றாக அழ முடிந்தது.

அப்பாவின் நோட்டுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு ஒன்று கிடையாது, வீட்டுக்கு ஒன்று. பாட்டியின் சர்க்கரையும் பேரனின் மூச்சிழுப்பும் ஒரே நோட்டில் இருக்கும். வந்தவரிடம் "வீட்ல எல்லாரும் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் "என்ன பண்ணுது?" என்பார். ஒரு பையனுக்கு இழுப்பு நிற்கவே இல்லை. மருந்தை மாற்றாமல், வீட்டில் எல்லாரையும் அழைத்து வரச் சொன்னார். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இரவில் சிகரெட் பிடிக்கிற பெரியவர் இருந்தார். அப்பா அன்று பையனைப் பார்க்கவே இல்லை, பெரியவரோடுதான் ஒரு மணி நேரம் பேசினார். எந்த நோட்டை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும்: வயிற்றுப்போக்கா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி அளக்கவும்.

அந்த நோட்டுகளுக்கு அக்கா செய்ததையும் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, முதலில் ஒவ்வொன்றையும் நூலால் கட்டினார். அட்டையில் உள்ள பெயரைத் தவிர எதையும் படிக்கவில்லை. "இதுல எல்லார் வீட்டு சங்கதியும் இருக்கும்" என்றார். எங்களையும் படிக்க விடவில்லை. மீதி நோட்டுகள் அப்படியே கட்டியபடி இருக்கின்றன. உங்கள் வீட்டு நோட்டை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டோம், பழைய பேப்பருக்கும் போட மாட்டோம். எத்தனை வருடம் ஆனாலும் சரி.

எங்கள் வீட்டு நோட்டும் அந்த அலமாரியில்தான் இருந்தது. அதை அக்கா அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மாவுக்கு 22 பக்கம். எனக்கு, தம்பிக்கு, என் பெண்ணுக்குக்கூட இருந்தது. அப்பாவுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாரையும் எழுதியவர் தன்னை எழுதவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. நானும்தான் கேட்கவில்லை. அது என்னோடு இருக்கும்.

இனி அந்த நோட்டை நான் எழுதுகிறேன். நேற்று அம்மாவை அப்பா செய்வது போலவே 5 நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் வைத்து, பிபி பார்த்தேன். 138/84. தேதி போட்டு எழுதினேன். அம்மா பட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். "உன்னோடதையும் எழுது" என்றார்.

நன்றியுடன்,
டாக்டர் வீட்டுப் பெண்