உடற்பயிற்சிக்குத் தனி அறை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜனவரியில் யோகா திருவிழா நடக்கும் புதுச்சேரியில், வீட்டில் பயிற்சி செய்ய இடமில்லை என்று பலர் தயங்குவது வருத்தமாக இருக்கிறது. ஆறடிக்கு இரண்டடி பாய், கை கால் விரிக்கச் சுற்றிலும் இரண்டடி. ஆக, பத்தடிக்கு ஆறடி போதும். கூடத்து மேசையை ஓரம் தள்ளினாலே கிடைத்துவிடும்.

தரைதான் முக்கியம். வழுவழு டைல்ஸ் மேல் கோரைப்பாய் விரித்து, கால்களை அகட்டி நின்று செய்யும் வீரபத்ராசனம் செய்தால், பின்கால் ஊன்றும்போது பாய் நழுவி, தொடையிடுக்குத் தசை சுளுக்கிக்கொள்ளும். நின்று செய்பவற்றுக்கு 4 முதல் 6 மி.மீ. தடிமனில், வழுக்காத ரப்பர் பாய் வாங்குங்கள். கோரைப்பாயை, மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் புழுக்கத்துக்கு அதைவிட இதமானது கிடையாது.

வியர்வை ஈரத்தோடு பாயைச் சுருட்டி வைப்பதுதான் பெரிய தவறு. கடலோரக் காற்றில் அது காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்மடிப்பில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்து உதிரும். டம்பெல்லும் ரப்பர் உறை போட்டதாக இருக்கட்டும். வெறும் இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

படுத்தால் டியூப்லைட் நேராகக் கண்ணில் அடிக்கும். அதை அணைத்துவிட்டு, முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று வரும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

– யோகா பயிற்றுநர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி