இரண்டாம் பருவச் செய்திகளும் குளிர்காலக் குறிப்பு ஒன்றும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஃபார்கோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் பருவம் பாதி ஓடிவிட்டது. பொங்கல் விழா நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தில் தீ எச்சரிக்கை மணி அலறிவிடுமோ என்ற பயத்தில் மின்அடுப்பில் ஏற்றிய பானையும் ஒருவழியாகப் பொங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்துக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாம் நிலை மாணவர்கள் பத்துக் குறள் சொல்கிறார்கள், லகர ளகரத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. மற்ற வகுப்புகளிலும் நல்ல முன்னேற்றம். ஆசிரியர்களுக்கும் உதவிய பெற்றோருக்கும் நன்றி. தேர்வு அட்டவணை அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் வரும்.

இனி, குளிரைப் பற்றி ஒரு குறிப்பு. குறிப்பு என்று ஆரம்பித்தாலும் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை காலை 9.35 மணிக்கு நம் மாணவர் ஒருவர், ஏழு வயதுப் பையன், பள்ளியின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். கதவு திறக்கும் நேரம் 9.45. அவனை இறக்கிவிட்ட வண்டி கிளம்பிவிட்டது. உள்ளே விளக்கு எரிந்ததால் கதவும் திறந்துதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அது சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. திறக்க வேண்டிய நானோ மறுகோடியில் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. எட்டு நிமிடம் நின்றிருக்கிறான்.

அன்று சிற்றுண்டி முறை அவர்கள் வீட்டுடையது. கையில் எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு. கையுறை இரண்டும் புத்தகப் பைக்குள் பத்திரமாக இருந்தன. நான் கதவைத் திறந்தபோது டப்பாவைக் கீழே வைக்காமல் அணைத்துப் பிடித்தபடி நின்றான். வாங்கிக்கொண்டு விரல்களைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் நுனிகள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன. "வலிக்குதாடா?" என்றேன். "இல்ல மிஸ், ஒண்ணுமே தெரியல" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பதிலில்தான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருந்தோம். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரல்கள் சிவந்தன, கூடவே அழுகையும் வந்தது. "எறும்பு கடிக்குது, எறும்பு கடிக்குது" என்று கத்தினான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மருத்துவரும் பார்த்துவிட்டார். தோலின் மேற்பரப்போடு நின்றுவிட்டது, விரல்களுக்குச் சேதமில்லை. பையன் இப்போது நன்றாக இருக்கிறான். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று குழுவில் துப்பறிய வேண்டாம். அவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. இன்னொரு பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட வேண்டிய அவசரம். நம்மில் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் இருந்திருக்கலாம். நானே என் மகளைப் பலமுறை அப்படி இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று வண்டியின் திரையில் மைனஸ் 14 பாரன்ஹீட் என்று காட்டியிருக்கும். வட டகோட்டாவில் இருக்கும் நம் ஃபார்கோவில் ஜனவரி மாத இரவு சராசரியே பூஜ்யத்தை ஒட்டித்தான் என்பதால், மைனஸ் 14ஐப் பார்த்து இங்கே யாரும் பதறுவதில்லை. ஆனால் வண்டி காட்டுவது வெறும் காற்றின் வெப்பநிலையை. காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அன்று மணிக்கு 20 மைல் வேகத்தில் அடித்தது. இரண்டையும் சேர்த்தால் விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்துத் தோல் உணரும் குளிர், மைனஸ் 40. பாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்கவே வேண்டாம், இரண்டு அளவுகோலும் சந்திக்கும் இடம் அதுதான். அந்தக் குளிரில் மூடாத தோல் சுமார் பத்து நிமிடத்தில் உறையலாம் என்கிறது தேசிய வானிலைச் சேவையின் அட்டவணை. நம் பையன் எட்டு நிமிடம் நின்றான்.

விண்ட் சில் ஒன்றும் டிவிக்காரர்கள் பயமுறுத்தக் கண்டுபிடித்த எண் இல்லை. சுடுசோற்றைத் தட்டில் பரப்பி விசிறினால் ஏன் சீக்கிரம் ஆறுகிறது? சோற்றைச் சுற்றியிருக்கும் சூடான காற்றை விசிறி தள்ளிவிடுகிறது. நம் தோலைச் சுற்றியும் அப்படி ஒரு மெல்லிய சூட்டுப் படலம் உண்டு. காற்று அதைத் துடைத்துக்கொண்டே போகிறது, உடம்பு மறுபடி மறுபடி சூட்டைக் கொடுத்துத் தோற்றுப்போகிறது. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் தண்ணீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்ததில் தொடங்கிய கணக்கு இது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து திருத்தின. அப்படித் திருத்திய கணக்கும் ஐந்தடி உயரத்தில் இருக்கும் ஒரு பெரியவர் முகத்தை வைத்துப் போட்டதுதான். ஏழு வயதுப் பிள்ளையின் சின்ன உடம்பு அதைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். கையில் உலோக டப்பா வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஊரில் காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. ரெட் ரிவர் பள்ளத்தாக்கு என்று பெயர்தான் பள்ளத்தாக்கு. பனியுகத்தில் அகசி என்ற பெரிய ஏரி கிடந்து வற்றிய தரை இது, தோசைக்கல் மாதிரி தட்டை. கனடாவிலிருந்து கிளம்பும் காற்று நேராக நம் பார்க்கிங் லாட்டுக்குத்தான் வரும். 2019 ஜனவரி 30 அன்று இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அன்றைய குளிரில் தபால்காரரே வரவில்லை.

"நூறடிதானே மிஸ், வண்டியிலிருந்து கதவு வரைக்கும்" என்று பலர் சொல்கிறார்கள். நியாயம்தான். சூடேற்றிய கராஜில் வண்டி ஏறி, சூடேற்றிய வண்டியில் வந்து, சூடான கட்டடத்துக்குள் நுழைகிறோம். கதவு திறந்தால் நூறடிதான். திறக்காவிட்டால்? வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால்? சாலையில் பனி சறுக்கி ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டால்? நான் அஞ்சுவது அந்த நூற்றியோராவது அடிக்குத்தான். 1888 ஜனவரி 12 காலை, டகோட்டா பிரதேசத்தின் தெற்கிலும் நெப்ராஸ்காவிலும் வழக்கத்துக்கு மாறாக இதமாக விடிந்தது. பிள்ளைகள் பலர் கனத்த கோட்டு இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் பனிப்புயல் வந்து விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. அந்தப் புயலுக்கே 'பிள்ளைகளின் பனிப்புயல்' என்று பெயர் வந்துவிட்டது. அன்று ஏமாற்றியது இதமான காலை. இன்று நம்மை ஏமாற்றுவது வண்டி ஹீட்டர்.

பிள்ளைகள் கோட்டு இல்லாமல் வருவதற்குச் சிலர் சொன்ன காரணம் உண்மையானது. தடித்த கோட்டோடு கார் சீட் பெல்ட்டைப் போட்டால் பெல்ட் உடம்போடு ஒட்டி இறுகாது, விபத்து நடந்தால் ஆபத்து. அதனால் கழற்றி உட்காரவைக்கிறோம். சரியான பழக்கம், அதை மாற்ற வேண்டாம். ஆனால் இறங்கும்போது அந்தக் கோட்டு பின்சீட்டிலேயே தங்கிவிடுகிறது! வண்டியை நிறுத்தியபின் உள்ளேயே கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, அப்புறம் கதவைத் திறங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது, ஒரு விரலின் சூடு இன்னொன்றுக்கு உதவும். பருத்திக் காலுறை நனைந்தால் காயாது, கம்பளி போடுங்கள். பொங்கலன்று பட்டுப் பாவாடையும் வெறுங்காலில் செருப்புமாக நான்கைந்து பேர் வந்ததைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பாவாடைக்குள் தெர்மல் பேன்ட் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செருப்பைப் பையில் போட்டுக் கொடுங்கள், உள்ளே வந்து மாற்றிக்கொள்ளட்டும்.

உள்ளூர்ப் பையன்கள் இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு திரிகிறார்களே என்று ஒரு அப்பா கேட்டார். திரிகிறார்கள்தான். அவர்கள் வீட்டு வண்டி டிக்கியைத் திறந்து பாருங்கள். போர்வை, மண்வாரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரி கேபிள் எல்லாம் இருக்கும். அவர்களிடம் பார்த்துக் கற்க வேண்டியது அரைக்கால் சட்டையை அல்ல.

இனி நான் சொல்லப்போவது வேண்டுகோள் இல்லை, விதி. பள்ளிக் கதவு திறந்து, ஆசிரியர் ஒருவர் உங்கள் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. அவசரமாக இருந்தாலும், மூத்த பிள்ளை கூட இருந்தாலும், வெயில் அடித்தாலும் இதுதான். 12.15க்கு அழைத்துப்போகும்போதும் நீங்கள் உள்ளே வர வேண்டும். வண்டியிலிருந்து போன் அடித்தால் பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டோம். போன மாதம் இரண்டு பிள்ளைகள் அப்பா வண்டி எது என்று தெரியாமல் பார்க்கிங் லாட் முழுக்க ஓடியிருக்கிறார்கள். பனி மூடினால் எல்லா வண்டியும் ஒரே வெள்ளை. மிட்டனும் குல்லாவும் இல்லாமல் ஒரு பிள்ளை வந்தால் உள்ளே சேர்த்துக்கொள்வோம், ஆனால் அன்றே உங்களுக்குப் போன் வரும். இரண்டாவது முறையும் அப்படி வந்தால் நேரில் உட்கார்ந்து பேசுவோம். தமிழ் எழுத்து ஒரு வாரம் தாமதமானால் அடுத்த வாரம் சொல்லிக்கொடுத்துவிடலாம். விரலுக்கு அப்படி அடுத்த வாரம் கிடையாது.

எங்கள் பக்கமும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். இந்த வாரத்திலிருந்து 9.25க்கே ஒரு ஆசிரியர் கதவருகில் நிற்பார், அந்த முறையில் என் பெயரும் உண்டு. என் கைப்பேசி எண்ணைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். சனிக்கிழமை காலை 7 மணிக் கணிப்பில் விண்ட் சில் மைனஸ் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வகுப்பு ஜூமில் நடக்கும். 7.15க்குள் குழுவில் செய்தி வரும். 'எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்' என்று போனில் வந்தால் அதுவும் இதே விஷயம்தான், பழைய 'விண்ட் சில் வார்னிங்'குக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பெயர்.

பிள்ளையின் விரலோ காதோ மூக்கு நுனியோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியைக் கொண்டு தேய்ப்பது அதைவிட மோசம். வெந்நீரும் வேண்டாம், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று, பிள்ளைகளுக்காக வண்டியை ஓடவிட்டுக் காத்திருப்பவர்கள் பின்னால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒரு வரியையும் எடுக்கவில்லை. இந்தக் குளிரில், சனிக்கிழமை காலையில், தூங்குகிற பிள்ளையை எழுப்பி, எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் பிளக்கில் மாட்டியிருந்த வண்டியைக் கழற்றி, அ ஆ படிக்க அழைத்து வருகிறீர்களே, அந்தப் பாடு எங்களுக்குத் தெரியும். சிலர் ஆற்றுக்கு அக்கரை ஊரான மூர்ஹெட்டுக்கும் அப்பாலிருந்து வருகிறீர்கள். போன சனிக்கிழமை வாசற்படியில் பனியை வாரி உப்புத் தூவிய அப்பாக்களுக்கும், கையில் இருந்த தெர்மாஸ் காபியை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுப் பையனின் அம்மாவைத் தேற்றப் போன அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. முறுக்கை இடைவேளையில் எல்லோரும் சாப்பிட்டோம். பையன் தானே டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பரிமாறினான்.

சனிக்கிழமை பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலக அறை அட்டைப்பெட்டியில் உரிமை கோரப்படாத கையுறைகள் பதினொன்று இருக்கின்றன. ஒன்பது இடது கை, இரண்டு வலது கை. தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.