கோடையில் குழி வெட்ட ஆள் எங்கே?

வேளாண் திட்டங்களையும் தொழிலாளர் நலத் திட்டங்களையும் வகுப்போருக்கு,

வணக்கம். உங்கள் இரு துறைகளும் ஒரே மனிதரைப் பற்றித்தான் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கின்றன. ஒன்றில் அவர் சிறு விவசாயி. மற்றதில் புலம்பெயர் தொழிலாளி. மழைக்கு ஊரில் இருப்பார், கோடையில் வேறெங்கோ கல் சுமப்பார்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் விவசாயி யாகூபா சவடோகோவை உங்களில் பலர் அறிவீர்கள். இறுகிப்போன மண்ணில் கோடையிலேயே குழி வெட்டி எருவிட்டவர். எருவைத் தேடிக் கரையான் வந்தது. அது துளைத்த வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது. 'ஸாய்' எனும் அந்தக் குழிமுறை அவருடைய முன்னோர் அறிந்ததுதான். அவர் குழியைப் பெரிதாக்கி எருவைச் சேர்த்தார், அவ்வளவே. மானாவாரி நிலத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு ஹெக்டேருக்குப் பல நூறு மணி நேரம் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அதுவும் கோடையில். வெளியூர் வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் முன்பணத்தோடு வாசலில் நிற்பதும் அதே கோடையில்தான். பயிற்சி முகாமில் படம் காட்டி அனுப்பிவிட்டால், குழியை யார் வெட்டுவது?

சொந்த நிலத்தில் செய்யும் மண், நீர் வேலைக்கும் கோடைக்கூலி கொடுங்கள் என்கிறேன். இது கனவல்ல. எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம், மண்ணரிப்பைத் தடுக்கும் பொதுவேலைகளுக்குப் பணமோ தானியமோ தந்தது. கூலி மட்டும் வாரந்தோறும் வர வேண்டும். இரண்டு மாதம் கழித்து வரும் கூலியைவிடத் தரகரின் முன்பணமே மேல் என்றுதான் பசித்த வீடு கணக்குப் போடும்.

அப்படியும் போகிறவர் போவார், போகட்டும். ஆனால் வேலை தேடித் தரும் முகவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997இல் வகுத்த பொதுவிதி. நடப்பில் கட்டணத்துக்கு வாங்கிய கடனைக் கட்டவே பலருக்கு முதல் சம்பளங்கள் போய்விடுகின்றன. எல்லை தாண்டிப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர ஐ.நா.வில் நாடுகள் உறுதி தந்தன. உலகச் சராசரி இன்னும் 6ஐத் தாண்டி நிற்கிறது. அந்த வித்தியாசத்தில் எத்தனை வண்டி எரு!

இன்னொன்று. கணவர் வெளியூர் வேலைக்குப் போனபின் உழுவதும் விதைப்பதும் மனைவிதான். ஆனால் நிலப் பத்திரம் கணவர் பெயரில், கடன் விண்ணப்பத்தில் கணவர் கையெழுத்து. நிலத்தில் நிற்பவரை விவசாயியாகப் பதிவதற்கு இல்லாதவரின் கையெழுத்து எதற்கு?

அடுத்த கோடைக்கான கூலியை மழைக்காலத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். கோடை பிறந்தபின் ஆணை வந்தால், அதை வாங்கிக்கொள்ள ஊரில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி