சிவப்பு டீசலும் படகு டீசலும்

மார்த்தாண்டம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்குக் கரண்டு இல்லை, கடையும் அடைப்பு, அதனால்தான் பேனாவை எடுத்தேன். வாட்சாப்பில் பேசினால் போதாதா என்று இளையவன் கேட்கிறான். நீ பம்பாய்க்கு ரயிலேறிய நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம், இப்போது எதற்கு நிறுத்த வேண்டும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்து நிம்மதி. வட அயர்லாந்தில் உன் நியூரியிலும் மரச்சீனிக்கிழங்கு கிடைக்கிறதாமே, அதுவும் ஐஸில் உறையவைத்தது. தகர டப்பா சாளையைக் கறி வைத்து அதற்குத் தொட்டுக்கொண்டாயாம். கொளச்சலில் பிறந்தவனுக்கு வந்த நிலைமையைப் பார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவர், அவர் முற்றத்தில் டாங்கு நிறைய சிவப்பு டீசல், அதாவது விவசாயிக்கு வரி குறைத்துக் கொடுத்து, ரோட்டுக்கு வரக் கூடாதென்று சாயம் போட்ட டீசல். 'உன் வேனுக்கு இதையே ஊற்றிக்கொள், பாதி விலைக்குத் தருகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்' என்கிறார். மருமகனுக்கும் சபலம். 'இன்ஜின் கெடுமா, நீதான் பம்ப் மெக்கானிக் ஆயிற்றே, சொல்' என்று எழுதியிருக்கிறாய்.

கெடாது. முப்பத்தைந்து வருஷமாக டீசல் பம்ப் பிரித்துப் பூட்டுகிறவன் சொல்கிறேன், நம்பு. உங்கள் ஊரில் டிராக்டருக்கு ஊற்றும் டீசலும் 2011 முதலே ரோட்டு டீசல் அளவுக்குக் கந்தகம் நீக்கியதுதான். பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருக்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்த பிறகுதான் நாமே அந்த அளவைத் தொட்டோம். அந்த விவசாயி நல்ல இடத்தில் வாங்கிச் சுத்தமாக வைத்திருந்தால், சாயத்தைப் பார்த்து இன்ஜின் ஒன்றும் முகம் சுளிக்காது. ஓடும், புகையும் வராது, மருமகனுக்கு வித்தியாசமே தெரியாது.

அதனால்தான் பயம் என்கிறேன். வண்டி கெட்டால் ஒருநாள் நின்றாவது புத்தி சொல்லும். இது வரிக்காரன் டாங்குக்குள் குழாய் விடுகிற வரை சத்தமே போடாது.

கணக்கைப் பார். 2022 மார்ச்சில் அங்கே வரியைக் குறைத்த பிறகு ரோட்டு டீசலுக்கு வரி லிட்டருக்கு 52.95 பென்ஸ், சிவப்புக்கு 10.18 பென்ஸ். நம் காசுக்கு லிட்டருக்கு 50 ரூபாய் பக்கம் வித்தியாசம். இவ்வளவு காசை விவசாயிக்கு விட்டுக்கொடுக்கிற சர்க்கார், அது ரோட்டுக்கு வராமல் காவல் வைக்காமல் இருக்குமா? அடுத்த மாதமே கட்டட வேலைக்காரர்களுக்குச் சிவப்பு கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது அவர்களுக்குச் சொன்னதை மருமகனுக்குப் படித்துக் காட்டு: டாங்கையும் குழாய்களையும் பழைய எண்ணெயின் சுவடே இல்லாமல் அலசி எடுக்க வேண்டும் என்றார்கள். ஒருதடவை ஊற்றிவிட்டு அடுத்த வாரம் நல்ல எண்ணெய் போட்டு மறைத்துவிடலாம் என்று அவன் நினைத்தால், நடக்காது. கண்ணுக்குத் தெரிகிற சாயம் மட்டுமா? தெரியாத அடையாளப் பொருளும் கலந்திருக்கிறது. சாயத்தைத் திருடர்கள் வெளுத்துவிடுகிறார்கள் என்று 2015ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து, பழைய வழிகளில் எளிதாக எடுக்க முடியாத புது அடையாளம் ஒன்றைக் கலக்க ஆரம்பித்தன. பிடிபட்டால் வண்டியை அங்கேயே எடுத்துக்கொண்டு போகலாம். திரும்ப வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிற பையனுக்கு இந்த வம்பு எதற்கு?

நம் பக்கத்துக் கதை தலைகீழ். இங்கே விவசாயிக்கென்று வரியில்லாத டீசல் கிடையாது, டிராக்டர்காரனும் பெட்ரோல் பங்கில்தான் பிடிக்கிறான். வரி விலக்கு படகுக்குத்தான். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று ரொம்ப நாள் இருந்தது, அப்புறம் கூட்டினார்கள். மாநில வரி 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும், அது கழிந்தால் லிட்டருக்கு 17, 18 ரூபாய் குறையும். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடலுக்குப் போகிறவனுக்கு அது பெரிய காசு. தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள், செலவில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடும். அந்தச் சலுகையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே படகு டீசலில் சாயம் இல்லை. பங்கில் பிடிக்கிற அதே எண்ணெய், வரி மட்டும் இல்லை. அது கரையேறி லாரிக்குள் போனால் எந்தக் குழாய் விட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 'படகு டீசல்' என்பது நம்மூரில் ஒரு வியாபாரப் பெயராகவே ஆகிவிட்டது. சந்துக்குள் கேனில் விற்கிறவன் எல்லாம் படகு டீசல் என்றுதான் சொல்வான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு ஓடுகிற வண்டி. ஓட்டுகிறவனே வண்டிக்குச் சொந்தக்காரன், நல்ல பையன், முப்பது வயசு இருக்கும். விடிகாலையில் ஐஸ் பெட்டியோடு நடுரோட்டில் நின்றுவிட்டது, ஸ்டார்ட் எடுக்கவே இல்லை. ஃபில்டரைக் கழற்றி எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினேன். அடியில் சுண்டுவிரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கு மேலே எண்ணெய். விரலில் தொட்டுத் தேய்த்தேன். டீசல் என்றால் வழுவழுப்பு கொஞ்ச நேரம் நிற்கும், உனக்கும் தெரியும். இது சட்டென்று காய்ந்தது. மோந்து பார்த்தால் அம்மா காலத்து ஸ்டவ் வாசனை. மண்ணெண்ணெய்.

பம்பைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டது. உள்ளே வெள்ளிப் பொடி தூவினதுபோல இரும்புத்தூள். கட்டைவிரலால் வழித்து அந்தப் பையனிடம் காட்டினேன், வெயிலில் மினுமினு என்றது. 'இது என்ன அண்ணா' என்றான். 'உன் பம்புதான்டே' என்றேன்.

நாம் ஆசானிடம் வேலை படித்த காலத்து வண்டிகள் வேறு. கேம் ஓடுகிற பெட்டிக்குத் தனியாக இன்ஜின் ஆயில் இருக்கும், அழுத்தமும் குறைவு. மண்ணெண்ணெய் கலந்து கொடுத்தாலும் கொஞ்சம் இருமிவிட்டு அகஸ்தீஸ்வரம் வரை போய்விடும். இப்போது காமன் ரெயில், எல்லா சிலிண்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும். 'பார்' கணக்கில் 1,600, 2,000 அழுத்தம். இந்தப் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் எண்ணெயும் மசகும். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை, இரும்பு இரும்பைத் தின்னும். தின்ற தூள் ரெயிலுக்குள் போய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டரின் வாயை அடைக்கும். அதனால் பம்ப் மட்டும் மாற்றினால் தீராது; நாலு இஞ்செக்டர், ரெயில், குழாய், டாங்கு வரை எல்லாம் கழுவ வேண்டும்.

அவன் கணக்கைக் கேள். கேன்காரனிடம் லிட்டருக்கு 8 ரூபாய் லாபம். நாளைக்கு 40 லிட்டர், மாதத்துக்கு 26 நாள், நாலு மாதம். 33,000 ரூபாய் சொச்சம் மிச்சம் பிடித்திருக்கிறான். என் பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதுவும் என் கூலியைப் பாதியாக்கி. வாரண்டியில் கேட்டுப் பார்க்கிறேன் என்று கம்பெனி ஷோரூமுக்குப் போனான். கிண்ணத்து எண்ணெயைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். நான் அங்கே இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

'பங்கிலும்தானே கலக்கிறார்கள்' என்று வாதாடினான். கலக்கிற பங்கும் இருக்கும். ஆனால் பங்கில் அடர்த்தி பார்க்கச் சொல்லலாம், கண்ணாடி ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் அங்கேயே வைத்திருக்க வேண்டும். பில் இருக்கிறது, புகார் கொடுக்க இடம் இருக்கிறது. கேன்காரனிடம் எதைக் காட்டிச் சண்டை போடுவாய்? அந்தப் பையன் போய்க் கேட்டபோது சந்தே காலியாம். குடிமைப்பொருள் போலீஸ் கொல்லங்கோடு பக்கம் கேன் கேனாக மண்ணெண்ணெய் பிடித்த செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அதனால் நாலு நாள் பதுங்கியிருப்பான்.

எல்லை இருக்கிற இடத்தில் எல்லாம் இந்த எண்ணெய் ஊறும் போலிருக்கிறது, மக்கா. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2023ல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வரி போட்டார்கள், இங்கே வந்து டாங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அது குற்றமில்லை, சாமர்த்தியம். உன் நியூரிக்குத் தெற்கே அயர்லாந்துக்கு எல்லை தாண்டினால் விவசாய டீசல் பச்சை நிறமாம், இந்தப் பக்கம் சிவப்பு. ஆர்மா பக்கம் சாயத்தை ஆசிட் போட்டு வெளுத்து நல்ல டீசல் என்று விற்கிறார்கள், கழிவை ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று நீதானே முன்னொரு கடிதத்தில் எழுதினாய்? மருமகனுக்கு அந்த விவசாயியின் சிவப்பைவிடப் பெரிய ஆபத்து அதுதான். இன்றைக்கு முற்றத்து டாங்கில் மலிவுக்கு ருசி கண்டவன், நாளைக்கு இன்னும் மலிவாக வெளுத்த எண்ணெய் கிடைத்தால் நிறம் இல்லையே என்று தைரியமாக வாங்குவான். ஆசிட் மிச்சம் நிற்கிற எண்ணெய் பம்புக்குள் போனால் மேலே எழுதின இரும்புத்தூள்தான்.

இந்த வியாபாரத்தைச் சில்லறைத் திருட்டு என்று என்னால் தள்ள முடியவில்லை. 2005ல் லக்கிம்பூர் கேரியில் கலப்படப் பங்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத்தைச் சுட்டார்கள். 2011ல், குடியரசு தினத்துக்கு முந்தின நாள், மகாராஷ்டிரத்தில் மன்மாட் பக்கம், கலப்படத்தைப் பிடிக்கப் போன கூடுதல் கலெக்டர் சோனாவணேயை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நீ பம்பாயிலிருந்து போன் செய்தாய். இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை.

ஊர்ச் செய்தி கொஞ்சம். ரப்பர் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மழையில் பால் வெட்டு இல்லை. வீட்டுப் பின்னால் மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது, நீ வருகிற வரை நிற்காது. நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். கோவிலுக்கும் சர்ச்சுக்கும் மைக் செட் போட்டி அப்படியேதான்.

மருமகனிடம் கோபப்படாமல் பேசு. வேனில் இதுவரை ஊற்றியிருந்தால் ஓட்ட வேண்டாம், டாங்கை இறக்கி அலசச் சொல். ஃபில்டரையும் மாற்றட்டும், பழைய எண்ணெய் அதிலும் தங்கும். அங்கே டீசல் இஞ்செக்டர் ஒன்று என்ன விலை என்று விசாரித்து எழுது, இங்கத்து விலையோடு ஒப்பிட ஆசை.

அந்தப் பிக்கப் பையன் பில்லில் பாதிதான் கட்டியிருக்கிறான். மீதிக்குச் சனிக்கிழமைதோறும் கடை வாசலில் ஒரு பொதி மீன் வைத்துவிட்டுப் போகிறான். நேற்று நெய்மீன், அதுவும் நடுக்கண்டம். கணக்கில் எவ்வளவு கழிப்பது என்று இவளுக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.

உன்
மக்கா