ஒகேனக்கல் வெள்ளத்துக்கு நாலு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் ஒகேனக்கல் நீர்வரத்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய அளவுகளை ஃபூரியர் முறையில், அதாவது ஒரே சீராக ஏறி இறங்கும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்து, அலசியதில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை காவிரியில் பெருவெள்ளம் வருவது தெரிகிறதாம். 2018ல் வந்தது, 2022ல் வந்தது, சரி. 2019 ஆகஸ்ட்டில் வந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? 2024ல் வந்ததை? இதைப் படித்துவிட்டு, இந்த வருடம் தண்ணீர் ஏறாது, பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடமாட்டார்கள் என்று நம்பி ஒரு பரிசல்காரரோ மீன் வறுவல் கடைக்காரரோ கடன் வாங்கிவிட்டால் யார் பதில் சொல்வது?

நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன். ஃபூரியர் என்ற அந்தப் பிரெஞ்சுக் கணிதர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடப் போய் 1807ல் அவர் முன்வைத்த வழி அது, இன்றைக்கும் பாதிப் பொறியியல் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு அலையும் பதிவின் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். காவிரி அப்படியா ஓடுகிறது? மே மாதத்தில் வினாடிக்குச் சில ஆயிரம் கன அடிகூட இல்லாமல் பாறை தெரியக் கிடக்கும், நல்ல மழை வருடமானால் ஆடியில் லட்சத்தைத் தாண்டும். அதுவும் மழை இரண்டு மடங்கு பெய்தால் தண்ணீர் இரண்டு மடங்கு வரும் என்றில்லை. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும்வரை பெரும்பகுதி அங்கேயே நிற்கும், நிரம்பிய அன்று வருகிறதை எல்லாம் திறந்துவிடுவார்கள், இரண்டு மூன்று நாளில், தமிழக எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு எகிறும். சட்டென்று ஏறி மெதுவாக வடிகிற இந்தக் கோணல் வடிவத்தை ஒழுங்கான சைன் அலைகளால் கட்டவேண்டும் என்றால், ஒரு வருட அலைக்குத் துணையாக ஆறு மாத அலை, நாலு மாத அலை என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். அந்த ஆறு மாத அலையைப் பார்த்து 'இது வடகிழக்குப் பருவமழை' என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். அதில் எவ்வளவு மழை, எவ்வளவு வெறும் கணக்கு ஒட்டுவேலை என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லமுடியாது.

இந்த மாதிரித் தரவுக்கென்றே வேறு வழி இருக்கிறது. நாசாவில் கடல் அலைகளை ஆராய்ந்த நார்டன் ஹுவாங்கும் கூட்டாளிகளும் 1998ல் வெளியிட்டது, ஹில்பர்ட்-ஹுவாங் முறை என்பார்கள். நாள்வாரி நீர்வரத்தைக் கோடாக வரைந்து, அதன் மேடுகளை எல்லாம் ஒரு வழவழப்பான கோட்டால் இணை, பள்ளங்களை இன்னொரு கோட்டால் இணை, இரண்டுக்கும் நடுக்கோட்டை எடுத்துத் தரவிலிருந்து கழி. மிச்சம் பூஜ்யத்தின் இருபுறமும் சமமாக ஆடும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மிக வேகமான ஆட்டம் தனியாக வந்துவிடும். அதைக் கழித்துவிட்டு மறுபடி சலித்தால் அடுத்த மெதுவான ஆட்டம், இப்படியே போய்க் கடைசியில் நீண்டகாலப் போக்கு மட்டும் நிற்கும். அப்புறம் பிரித்தெடுத்த ஒவ்வொரு ஆட்டத்திலும் ஹில்பர்ட் மாற்றம் என்ற கணக்கைச் செலுத்தினால் எந்த நாளில் எந்த வேகத்தில் ஆடியது என்று நாள்வாரியாகக் கிடைக்கும். தரவைச் சின்னச் சின்ன அலைத்துண்டுகளால் அலசும் வேவ்லெட்டும் நல்ல முறைதான், ஆனால் அதில் அலையின் வடிவத்தை முதலிலேயே நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும். இதில் தரவே தன் வடிவத்தைச் சொல்கிறது.

இதைச் சொன்னதும் யாராவது உடனே மென்பொருளில் போட்டு ஏழு வருடச் சுழற்சி என்று அடுத்த கட்டுரை எழுதிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வெறும் இரைச்சலை, அர்த்தமே இல்லாத எண்களைப் போட்டாலும் இந்த முறை அதையும் பிரித்துக் கொடுக்கும், ஒவ்வொன்றின் காலமும் முந்தியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக! அதனால் கிடைத்த சுழற்சி இரைச்சலில் கிடைப்பதைவிடப் பலமானதா என்று சோதிக்காமல் வாயைத் திறக்கக்கூடாது. பதிவின் இரண்டு ஓரங்களிலும் மேடு பள்ளக் கோடுகள் தறிகெட்டுப் போகும், நமக்கு வேண்டிய கடைசி நாட்கள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. திடீர் வெள்ளம் ஒன்று வந்தால் வேகமான ஆட்டமும் மெதுவான ஆட்டமும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும் சிக்கல் வேறு. அதற்கு வூ என்ற ஆய்வாளரும் ஹுவாங்கும் 2009ல் ஒரு வழி சொன்னார்கள்: வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்த்துப் பலமுறை பிரித்துச் சராசரி எடுப்பது. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், பெரும்பாலும் வேலை செய்கிறது. எப்படிச் செய்தாலும் இது நடந்ததைப் பிரித்துப் பார்க்கிற கருவி, அடுத்த வெள்ளத்துக்குத் தேதி குறிக்காது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த நான்கு ஆண்டுக் கணக்கு எத்தனை வருடத் தரவில், எந்த இடத்து அளவில் செய்தது என்று ஒரு விளக்கம் போடுங்கள். அப்புறம், தினமும் 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்று அச்சிடுகிறீர்களே, அதை நாள் விடுபடாமல் தொகுத்து உங்கள் இணையதளத்தில் போட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிப் பிள்ளைகளே உட்கார்ந்து அலசுவார்கள். பண்டிகை விடுமுறையில் இதழ் வராத நாட்களின் அளவையும் மறக்காமல் சேருங்கள், இடையில் ஓட்டை விழுந்த தரவை வைத்து மேலே சொன்ன எதையும் ஒழுங்காகச் செய்யமுடியாது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.