கதவைப் பார்த்துக்கொண்டு சோறு தின்னும் பிள்ளை

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாளாகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிடுங்களேன் என்றாள் வீட்டில். நீ கேட்டிருப்பது இரண்டு வரியில் அடங்காது. அதனால் பசியாறிவிட்டு, பேரப்பிள்ளைகள் எழுவதற்குள் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நாம் பிறந்த தோட்டத்தில் மிச்சமிருந்த கடைசி லயத்து வரிசை வீடுகளையும் இடித்துவிட்டார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதே பாதிச் சனம் போய்விட்டது. மீதிப் பேர் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகளில். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை இருந்த மேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிற்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. தீமிதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய், வார்த்தை மாறாதே. என் முழங்கால் பரவாயில்லை.

இனி உன் பேத்தியின் கேள்வி. பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்தவனுக்குத் தண்டனை சொல்லும் நேரத்தில் கோர்ட்டுக்குள் கண்ணீருக்கும் கோபத்துக்கும் இடம் உண்டா? சட்டம் படிக்கிற அவள் கூடவே கூடாது என்கிறாள். அதைக் கேட்டு உனக்கு வயிறு எரிந்திருக்கிறது. இங்கே கோப்பிக்கடையிலும் இதே பேச்சுதான். பத்திரிகையில் ஒரு வழக்கு வந்தால் போதும், நடுரோட்டில் நிறுத்தி வெட்டணும் என்கிறார்கள். நானும் பேத்தி எடுத்தவன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் 27 வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக நின்ற எனக்கு இதில் சொல்ல இருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் தன் பேச்சாக எதையும் பேசக்கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் நானும் மலாயில் ‘சாயா’ என்றுதான் சொல்லவேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. காலையில் ஒரு சின்னப் பிள்ளைக்காக ‘சாயா’ என்றிருக்கிறேன். அதே நாள் மத்தியானம் கூண்டில் நின்றவனுக்காகவும் ‘சாயா’ என்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து குளித்து முடிக்கும்வரை பேத்தியைத் தூக்க மாட்டேன். உன் தங்கச்சிக்கு அது தெரியும், காரணம் கேட்கமாட்டாள்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரையும் கோர்ட்டையும் எழுதமாட்டேன், அந்தப் பிள்ளை இன்னும் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ வளர்ந்துகொண்டிருக்கிறது. 11 வயது. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டதும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள், அதற்கு மாசம் இவ்வளவு என்று காசும் கொடுத்தாள். குற்றம் செய்தவன் அந்த வீட்டுக்காரன். பிள்ளை அவனைக் கடைசிவரை ‘மாமா’ என்றே சொன்னது. நான் மலாயில் என்ன சொல்வது? ‘பாபா சவுடாரா’ என்றால் ரத்த உறவாகிவிடும். ‘பாக் சிக்’ என்றால் ரோட்டில் போகிற எந்தப் பெரியவரும் ஆவார். நம் லயத்தில் மாமா என்றால் என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும், நம்பி வீட்டைத் திறந்துவிடுகிற ஆள். இது வெறும் சொல் பிரச்சினை இல்லை, மச்சான். 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவன் குற்றம் செய்தால் மேற்கொண்டு 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் உண்டு என்கிறது. காசு வாங்கிப் பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்களும் அதில் அடக்கம். சொல்லை அப்படியே ‘மாமா’ என்று வைத்துவிட்டு, நீதிபதியிடம் அனுமதி கேட்டு விளக்கம் சொன்னேன்.

அந்தப் பிள்ளை அழவில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, சடை ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. குரல்கூட உடையவில்லை. வெளியே வந்தபோது கோர்ட்டு ஆள் ஒருவரே என் காதில், “புள்ள அழவே இல்லையேண்ணே” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அழுதால்தான் நம்புவோமா? உணர்ச்சிக்குக் கதவை அகலத் திறந்துவிட்டால் அழத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நியாயம், உறைந்துபோன பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். உன் பேத்தியின் பக்கம் நான் பாதி சாய்வது இந்த இடத்தில்தான்.

அன்றைக்கு அழுதவர்கள் வேறு ஆட்கள். தண்டனை நாளில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விம்மினாள். அவன் தாயார் மயங்கிச் சரிந்தார். வக்கீல் இருவரையும் கைகாட்டி, சம்பாதிக்கிற ஒரே ஆள், முதல் குற்றம், மனம் வருந்துகிறார் என்றார். அவர் செய்தது அவர் வேலை. உன் பேத்தியிடம் ஒன்று கேள்: இதுவும் உணர்ச்சிதானே? காலங்காலமாக இதற்கு ‘தண்டனைக் குறைப்பு வாதம்’ என்று மரியாதையான பெயர் கொடுத்து உள்ளே விட்டிருக்கிறோம். பாதிக்கப்பட்டவள் பேசினால் மட்டும் அது எப்படி உணர்ச்சிவசப்படுவது ஆகிறது?

2012-ஐ நினைத்துப் பார். 13 வயதுப் பெண்பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரு தேசிய பௌலிங் ஆட்டக்காரருக்கு உயர்நீதிமன்றம் கொடுத்த 5 ஆண்டுச் சிறையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்து, நன்னடத்தைப் பிணையில் விட்டது. அவருக்குப் பிரகாசமான எதிர்காலம் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நாடே கொதித்தது, நீயும் நானும் போனில் அரைமணி நேரம் பேசினோம். அந்தத் தீர்ப்பில் யாரும் அழவில்லை, குரல் உயரவில்லை. ஆனால் எதிர்காலம் என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இரக்கம் ஒளிந்திருந்தது! 13 வயதுக்கும் ஓர் எதிர்காலம் உண்டு என்பதைச் சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் இல்லாததுதான் குறை.

இப்போது ஆள் உண்டு. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவுப்படி, தண்டனை சொல்வதற்கு முன் பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்ல நீதிமன்றம் வாய்ப்புத் தரவேண்டும். வரமுடியாவிட்டால் எழுத்து மூலமும் ஏற்கலாம். இதைக் கேட்டுப் பெறலாம் என்றே நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கு அரசுத் தரப்பு வக்கீலான டிபிபி எடுத்துச் சொன்னார். அவள் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளி நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தாள், நான் மொழிபெயர்த்தேன். சாபம் ஒன்றுகூட இல்லை. ‘என் புள்ள இப்பல்லாம் கதவப் பாத்துக்கிட்டேதான் சோறு திங்குது. முதுகு காட்டி உக்கார மாட்டேங்குது’ என்று ஒரு வரி. அதை மலாயில் படிக்கும்போது என் குரல்தான் தடுமாறியது, அவள் குரல் இல்லை.

நீதிபதி கொஞ்ச நேரம் ஒத்திவைத்து உள்ளே போனார். திரும்பி வந்து சாதாரணக் குரலில் தீர்ப்பைப் படித்தார். குற்றம் எப்படித் திட்டமிடப்பட்டது, நம்பிக்கை எப்படி உடைக்கப்பட்டது, பொதுநலன் எது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் அந்தத் தாயின் வரியை ஓர் எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னார். கதவைப் பார்த்துக்கொண்டு சோறு தின்கிற பிள்ளை என்பது உணர்ச்சியா, நடந்த சேதத்தின் கணக்கா? எனக்கு அது கணக்கு. மருத்துவர் அறிக்கையில் ஏறாத கணக்கு. அதைக் கேட்காமல் சேதத்தை எப்படி அளப்பது?

ஆனால் நீதிபதியின் கோபம் வேறு. அதையும் நேரில் பார்த்திருக்கிறேன். வேறொரு கோர்ட்டில், வேறொரு வழக்கில், மேசையைத் தட்டி, நீ மனுஷனே இல்லை என்கிற அளவுக்கு ஒருவர் திட்டினார். பின்னால் இருந்த சனத்துக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது, எனக்கும்தான். எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். 14 நாளுக்குள் மேல்முறையீடு போனது, நீதிபதி ஒருதலைப்பட்சம் என்று. தண்டனை கடைசியில் நின்றது. நிற்கும்வரை அந்தப் பிள்ளையின் அப்பா மாதம் ஒருமுறை என் வீட்டு வாசலுக்கு வந்து, “சார், திரும்பவும் புள்ளையக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்பார். திட்டியவருக்கு அன்றைக்கே மனம் ஆறியிருக்கும். அந்த வீட்டுக்கு ஆறவில்லை.

அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் மருத்துவராக இருந்த லேரி நாசரின் வழக்கு உனக்கு நினைவிருக்கும். 2018 ஜனவரியில் மிச்சிகனில் 7 நாள் முழுக்க 156 பேர் சொன்னதை நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா கேட்டார். ஒவ்வொருவரிடமும் பரிவோடு பேசினார். அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட வரத் துணிந்தார்கள். அந்த ஏழு நாளுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். கடைசியில் 40 முதல் 175 ஆண்டு என்று தண்டனை சொல்லிவிட்டு, உன் மரணத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். சட்டம் இடம் கொடுத்தால், அவன் மற்றவர்களுக்குச் செய்ததை அவனுக்கும் செய்ய விட்டிருப்பேன் என்ற பொருளிலும் பேசினார். அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் நாசர் மேல்முறையீடு செய்தான். 2022 ஜூனில்தான் மாநில உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது, தள்ளும்போதும் நீதிபதி நடந்துகொண்ட விதம் பற்றித் தங்களுக்கும் கவலை உண்டு என்று எழுதியே தள்ளியது. 156 பேரும் நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 175 ஆண்டு என்ற எண்ணே போதும், அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது.

அதே ஆளுக்கு இன்னொரு கோர்ட்டில் தண்டனை விசாரணை நடந்தபோது, மூன்று மகள்களும் பாதிக்கப்பட்ட ஒரு தகப்பன் அவன்மேல் பாய்ந்தார். காவலர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். சட்டத்தை யாரும் கையில் எடுக்கக்கூடாது என்று அந்த நீதிபதி அம்மா கண்டித்தார், தண்டிக்கவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் நானும் பாய்ந்திருப்பேன். தகப்பன் பாயலாம், மச்சான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பாய்ந்துவிடக்கூடாது.

நம் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் நாடாளுமன்றம். கோலாலம்பூரின் ஏழைப் பிள்ளைகளைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கிள் 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, 2016-இல் லண்டனில் 22 ஆயுள் தண்டனை பெற்றான். இங்கே எழுந்த கொதிப்பில் மறு வருஷமே அந்த 2017 சட்டம் வந்தது. பிள்ளை சொன்ன சாட்சியத்தை மட்டும் வைத்துக்கூட, வேறு ஆதாரம் இல்லாமலே தண்டிக்கலாம் என்று அதில் எழுதிவைத்தார்கள். அழாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரியும்.

உன் பேத்தியைத் தீமிதிக்குக் கட்டாயம் கூட்டி வா. அவளுக்குக் கொடுக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் சாட்சி சொல்லும்போது வந்த, மலாயில் சட்டென்று வைக்கமுடியாத தமிழ்ச் சொற்களை வேலையில் இருந்தவரை அதில் எழுதி வந்தேன். பிள்ளை பெயர், வழக்கு எண் எதுவும் கிடையாது, சொற்கள் மட்டும்தான். ‘தொந்தரவு பண்ணாரு’ இருக்கிறது. ‘கெட்ட வெளையாட்டு’ இருக்கிறது. தாய்மார் சொல்கிற ‘கெடுத்துட்டான்’ இருக்கிறது. அதன் பக்கத்தில், கெட்டது பிள்ளை இல்லை, இதைக் கவனமாக மொழிபெயர்க்கவும் என்று சிவப்பு மையில் குறித்திருப்பேன். முதல் பக்கத்தில் ‘மாமா’.

பேரன் எழுந்துவிட்டான், மைலோ கேட்கிறான்.

அன்புடன்,
உன் அடுத்த லயத்துக்காரன்