கிட்டி என்ற சொல்லுக்காக

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககத்தாருக்கு,

வணக்கம். தஞ்சைப் பக்கத்து வயல்களில் எலிக்குக் கிட்டி வைக்கிறவர்களை நேரில் பார்த்து, அவர்கள் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று வேண்டவே இந்த மடல்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குக் கிட்டியை விளக்க வேண்டியதில்லை. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய பொறி அது. சாயங்காலம் எலி போன தடம் பார்த்து வயலில் வைத்துவிட்டு வருவார்கள். இரையில் வாய் வைத்ததும் வில் தெறித்து எலியை இறுக்கிவிடும். விடிந்ததும் போய் எடுப்பார்கள். நஞ்சு கிடையாது, செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நாய்க்கும் கெடுதல் இல்லை.

ஆனால் பழைய அகராதிகளில் கிட்டியைத் தேடினால், இரண்டு கோல்களுக்கு நடுவே கைவிரலை வைத்து நெரிக்கும் தண்டனைக் கருவிதான் கண்ணில் படுகிறது. 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை அறிக்கையிலும் அது மறுபடி மறுபடி வருகிறது. வரிபாக்கிக்காகக் குடியானவர் விரலை நசுக்கியதும் கிட்டி, அவர் நெல்லைக் காப்பதும் கிட்டி. முதலில் மனசு ஒப்பவில்லை. அப்புறம் சொல்லின் அடியைப் பார்த்தேன். கிட்டு என்றால் நெருங்கு, இறுகு. வலிப்பு வந்த பிள்ளைக்குப் 'பல் கிட்டிப்போச்சு' என்று பாட்டிமார் பதறுவார்களே, அதே கிட்டுதான். இறுகுவது எதுவோ அது கிட்டி, அவ்வளவே.

1974இல் பாவாணரை முதல் இயக்குநராக வைத்துத் தொடங்கிய பணி உங்களுடையது. வேர் தேடுவதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிட்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும், வளை வாயில் தள்ளிய புதுமண்ணுக்கும், பயிரில் எலி விட்ட வெட்டுக்கும் அந்தத் தொழிலாளர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வயசானவர்களிடம் முதலில் போங்கள். அவர்கள் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பதிவில் 'எலி பிடிப்பவன்' என்று எழுதாதீர்கள், 'பிடிப்பவர்' என்றே எழுதுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் சேருங்கள். வேலையை விட்டுவிட்டு உங்களோடு உட்கார்ந்து பேசினால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நாட்களில் போனால் வரப்பிலேயே அவர்களைப் பார்க்கலாம்.

அன்புடன்,
டெல்டாக்காரர் ஒருவர்